நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஆசான் தேடிய இந்தியா

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 8ஆம் தேதியை இந்தியக் கடற்படை நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடுகிறது. 1967இல் அந்தத் தேதியில்தான் இந்தியாவின் முதல் நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். கல்வரி கடற்படையில் சேர்ந்தது. விழா நடந்த இடம் மும்பையும் இல்லை, விசாகப்பட்டினமும் இல்லை. அன்று சோவியத் யூனியனின் பகுதியாக இருந்த லாட்வியாவின் ரீகா துறைமுகம்! கப்பலின் முதல் தலைவர் கமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன். கொடியும் மாலுமிகளும் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். கப்பலின் இரும்பு, எஞ்சின், பேட்டரி, டார்பிடோ எல்லாம் சோவியத்.

முதல் கப்பல் வெளிநாட்டில் வாங்கப்பட்டதில் வியப்பு ஒன்றும் இல்லை. எந்த நாடும் அப்படித்தான் தொடங்கும். வியப்பு எதில் என்றால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, 2021இல் ஆறு புதிய டீசல் மின் நீர்மூழ்கிகளுக்கு டெண்டர் விட்டபோதும் இந்தியா ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைத் தேட வேண்டியிருந்தது. இடையில் சோவியத் யூனியன், ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ் என்று பல ஆசான்கள் வந்து போய்விட்டார்கள். அப்படியிருந்தும் மாணவர் ஏன் சொந்தக் காலில் நிற்கவில்லை? இதற்கான விடையின் பெரும்பகுதி 1987 என்ற ஒரே ஆண்டில் இருக்கிறது.

(ரஷ்ய உதவியோடு விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டு 2016இல் சேர்ந்த அரிஹந்த் முதலான அணுசக்தி நீர்மூழ்கிகளின் கதை தனி. இந்தக் கட்டுரை டீசலிலும் பேட்டரியிலும் ஓடும் நீர்மூழ்கிகளைப் பற்றியது.)

ஏன் இவ்வளவு கடினம்?

நீர்மூழ்கி என்பது மூடி போட்ட கப்பல்தானே என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலில் 200 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஏறக்குறைய 200 டன் எடை அழுத்தும். ஒரு வீட்டு வாசற்கதவு அளவுள்ள இடத்தில் சுமார் 400 டன்! கப்பலின் உடல் முழுவதும் இந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் தாங்க வேண்டும். முப்பது ஆண்டுகள் தாங்க வேண்டும்.

இதற்காகத் தனி வகை உறுதி மிக்க எஃகுத் தகடுகளை வளைத்துப் பெரிய வளையங்களாக ஆக்கி, அவற்றை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து உடலை உருவாக்குகிறார்கள். வளையம் சரியான வட்டமாக இருக்க வேண்டும். சிறிது கோணினாலும் அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். வெல்டிங் செய்த தையல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழி தெரிந்தாலும் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும்.

உடல் முடிந்தாலும் வேலை முடியாது. எஞ்சின், பம்பு, குழாய் எதுவும் சத்தம் போடக்கூடாது. சத்தம்தான் நீர்மூழ்கியின் எதிரி. எதிரிக் கப்பலின் சோனார் கருவி அந்தச் சத்தத்தைத்தான் தேடும்.

இந்த அறிவின் ஒரு பகுதி வரைபடங்களில் இருக்கிறது. அதைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். மீதிப் பகுதி வெல்டரின் கையிலும் மேற்பார்வையாளரின் கண்ணிலும் இருக்கிறது. அதை வாங்க முடியாது, பழகித்தான் பெற வேண்டும். பழகுவதை நிறுத்தினால் அது போய்விடும். வீணை வாசிப்பவர் பத்து ஆண்டுகள் வீணையைத் தொடாமல் இருந்தால் விரல் என்ன ஆகும்? அதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. நீர்மூழ்கி வாங்குவது சம்பந்தம் செய்வது போன்றது. கல்யாணத்தோடு உறவு முடிவதில்லை. உதிரிபாகம், பேட்டரி, டார்பிடோ, பெரிய பழுதுபார்ப்பு என்று முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு விற்ற நாட்டின் வாசலில் போய் நிற்க வேண்டும். அதனால் விலையைவிட, விற்பவர் யார் என்பது பெரிய கேள்வி ஆகிறது.

லண்டன் தயங்கியது, மாஸ்கோ கொடுத்தது

விடுதலைக்குப் பின்னும் இந்தியக் கடற்படை பிரிட்டிஷ் முறையில் வளர்ந்த படையாகவே இருந்தது. அதிகாரிகள் படித்தது அங்கே, கப்பல்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. எனவே நீர்மூழ்கியும் பிரிட்டனிலிருந்தே வர வேண்டும் என்று விரும்பியதில் தவறில்லை. 1964இல் பாதுகாப்பு அமைச்சர் ஒய். பி. சவாண் லண்டன் சென்று பேசினார். கடற்படையின் கண் இருந்தது பிரிட்டனின் ஓபரான் வகை நீர்மூழ்கிகள் மீது. ஆனால் இந்தியாவிடம் அந்நியச் செலாவணி இல்லை. அதற்கு ஏற்ற கடன் வசதி தர பிரிட்டன் முன்வரவில்லை.

அதே 1964இல் அமெரிக்கா தன் பழைய நீர்மூழ்கி ஒன்றைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. அதுதான் பின்னாளில் பெயர் பெற்ற காஸி. 1965 போரின்போது பாகிஸ்தானிடம் நீர்மூழ்கி இருந்தது, இந்தியாவிடம் ஒன்றுகூட இல்லை.

அந்த நேரத்தில் கை கொடுத்தது சோவியத் யூனியன். 1965இல் ஒப்பந்தம் ஆயிற்று. விலை தாங்கக்கூடியது, தவணையும் எளிது. மாலுமிகள் விளாடிவஸ்டாக் சென்று, ரஷ்ய மொழி கற்று, பயிற்சி பெற்றார்கள். 1967 முதல் 1974 வரை ஃபாக்ஸ்ட்ராட் வகையைச் சேர்ந்த எட்டு நீர்மூழ்கிகள் வந்து சேர்ந்தன. முதலில் வந்த கல்வரி, சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியா வர நேர்ந்தது.

1971 போர் நீர்மூழ்கி என்றால் என்ன என்பதை இரண்டு தரப்புக்கும் காட்டியது. விசாகப்பட்டினத்துக்கு அருகே காஸி மூழ்கியது. டிசம்பர் 9 அன்று பிரான்சில் கட்டப்பட்ட பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி, இந்தியப் போர்க்கப்பல் குக்ரியைத் தாக்கியது. குக்ரியில் இருந்த 194 பேர் இறந்தனர்.

சோவியத் கப்பல்கள் உறுதியானவை. ஆனால் அவை குளிர்ந்த கடலுக்காக வடிவமைக்கப்பட்டவை. வங்கக் கடலின் வெப்பத்தில் உள்ளே இருப்பவர்களின் பாடு திண்டாட்டம்தான். பெரிய பழுதுபார்ப்புக்குத் தொடக்கத்தில் சோவியத் துறைமுகத்துக்கே போக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, மாஸ்கோ கப்பலைக் கொடுத்ததே தவிர, கட்டும் வித்தையைச் சொல்லித் தரவில்லை.

கீல் நகரத்துப் பள்ளிக்கூடம்

1970களின் இறுதியில் இந்தியா வேறு வழியில் யோசித்தது. இந்த முறை வாங்குவதோடு நிற்கக்கூடாது, கட்டவும் கற்க வேண்டும். மேற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் போட்டியிட்டன. கடைசிச் சுற்றில் முன்னால் நின்றவை சுவீடனின் கோக்கம்ஸ் நிறுவனமும், மேற்கு ஜெர்மனியின் கீல் நகரில் இருந்த எச்.டி.டபிள்யூ. நிறுவனமும். வென்றது எச்.டி.டபிள்யூ.

1981 டிசம்பர் 11 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் நான்கு நீர்மூழ்கிகள். இரண்டு கீலில் கட்டப்படும். இரண்டு மும்பையின் மாசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்படும். இன்னும் இரண்டு வேண்டுமானால் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

டைப் 209 எனப்படும் இந்த வகையைப் பற்றி ஒரு சுவையான செய்தி: ஜெர்மனி இதை ஏற்றுமதிக்காக மட்டுமே கட்டியது. ஜெர்மன் கடற்படை தனக்காக ஒன்றைக்கூட வாங்கவில்லை. கிரீஸ், துருக்கி, பெரு, அர்ஜென்டினா என்று பல நாடுகளுக்கு இது போயிற்று. இந்தியாவுக்கென்று ஒரு சிறப்பு ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. கப்பலின் நடுவில் உருண்டை வடிவில் ஓர் உயிர்காப்பு அறை. விபத்து நேர்ந்தால் மாலுமிகள் நாற்பது பேரும் அதற்குள் ஏறிக்கொள்ளலாம். அந்த உருண்டை தனியே பிரிந்து மேலே மிதந்து வரும்.

வடிவமைப்பாளர்களும் தொழிலாளர்களும் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். 1986இல் கீலில் கட்டிய முதல் இரண்டு கப்பல்களான சிசுமாரும் சங்குஷும் படையில் சேர்ந்தன. மும்பையில் வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. முதல் முறை யார் செய்தாலும் அப்படித்தான். 1992 பிப்ரவரி 7 அன்று ஐ.என்.எஸ். சல்கி படையில் சேர்ந்தது. இந்திய மண்ணில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி அதுவே. 1994 மே மாதம் சங்குல் சேர்ந்தது.

இனி ஐந்தாவது, ஆறாவது கப்பல்களைக் கட்ட வேண்டும். கை பழகிவிட்டது. அடுத்தது இன்னும் விரைவாக வரும், அதற்கடுத்தது இன்னும் நன்றாக வரும். ஆனால் அந்த ஐந்தாவது கப்பல் வரவே இல்லை.

1987

நடந்தது இதுதான். கூடுதலாக இரண்டு கப்பல்கள் வாங்குவது பற்றிப் பேச்சு நடந்தபோது இந்தியா விலையைக் குறைக்கச் சொன்னது. 1987 தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில் இருந்த இந்தியத் தூதரகத்திலிருந்து டெல்லிக்கு ஒரு தந்தி வந்தது. பழைய ஒப்பந்தத்தில் 7 சதவீதத் தரகு கொடுக்க வேண்டியிருப்பதால் விலையைக் குறைக்க முடியாது என்று நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்டதாக அதில் இருந்தது.

அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி. பி. சிங். அவர் ஏப்ரல் 9 அன்று விசாரணைக்கு உத்தரவிட்டார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. ஏப்ரல் 12 அன்று பதவி விலகினார். நான்கே நாட்களில், ஏப்ரல் 16 அன்று சுவீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கிப் பேரத்தில் லஞ்சம் கொடுக்கப்பட்டது என்று அறிவித்தது. அதற்குப் பிறகு நாடு பீரங்கியைப் பற்றியே பேசியது. 1989 தேர்தலில் ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்தார். வி. பி. சிங் பிரதமர் ஆனார்.

போஃபர்ஸின் பெரிய நிழலில் நீர்மூழ்கிப் பேரம் மறக்கப்பட்டுவிட்டது எனலாம். மறக்கப்படாமல் நடந்தது ஒன்று. எச்.டி.டபிள்யூ. நிறுவனத்திடம் இனி வாங்குவதில்லை என்ற நிலை. ஐந்தாவது, ஆறாவது கப்பல்கள் கைவிடப்பட்டன. 1990இல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. வழக்கு பதினைந்து ஆண்டுகளுக்குமேல் இழுத்து, 2000களின் நடுவில் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துக்கொள்ளப்பட்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை.

தண்டனை கிடைத்தது வேறு இடத்தில். 1994இல் சங்குல் முடிந்ததும் மாசகான் டாக்கின் நீர்மூழ்கிப் பட்டறையில் கட்ட எதுவும் இல்லை. கீலில் பயிற்சி பெற்றுக் கை பழகியவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், வேறு நிறுவனத்துக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். தரகு வாங்கியவர் யார் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. விலை கொடுத்தவர்களில் அந்தப் பட்டறைக்காரர்களும் இருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

விசாரணை தேவை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மக்கள் பணத்தில் தரகு போயிருந்தால் விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் இங்கே மூன்று தனித்தனிக் கேள்விகள் இருந்தன. தரகு வாங்கியது யார்? கப்பல் நல்ல கப்பலா? கட்டும் வேலை தொடர வேண்டுமா? முதல் கேள்விக்கு விடை தெரியும்வரை மற்ற இரண்டையும் நிறுத்தி வைத்ததுதான் பிழை. கப்பல் நல்ல கப்பல் என்பதற்குச் சான்று, அந்த நான்கில் ஒன்றான சங்குஷின் ஆயுளை நீட்டிக்க 2023 ஜூனில் மாசகான் டாக்குடன் ரூ. 2,725 கோடிக்கு ஒப்பந்தம் போடப்பட்டது என்பதே.

அதே ஆசானிடம் படித்த இன்னொரு மாணவர்

இந்தியா கதவை மூடிய அதே 1987இல், இன்னொரு நாடு எச்.டி.டபிள்யூ.வின் கதவைத் தட்டியது. தென் கொரியா!

கொரியாவும் வாங்கியது டைப் 209 வகையைத்தான். ஏற்பாடும் ஏறக்குறைய அதேதான். முதல் கப்பல் ஜெர்மனியில், மற்றவை கொரியாவின் டேவூ கப்பல் கட்டும் தளத்தில். 1993இல் முதல் கப்பல் சேர்ந்தது. பிறகு என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பாருங்கள்.

2001க்குள் இந்த வகையில் ஒன்பது கப்பல்கள். அடுத்து, அதே ஜெர்மனியரின் புதிய வடிவமான டைப் 214இல் ஒன்பது கப்பல்கள், எல்லாமே கொரியாவில் கட்டப்பட்டவை. 2011இல் இந்தோனேசியாவுக்கு மூன்று நீர்மூழ்கிகள் விற்க ஒப்பந்தம். 2021 ஆகஸ்ட் மாதம், கொரியர்கள் தாங்களே வடிவமைத்த தோசான் ஆன் சாங்ஹோ என்ற 3,000 டன் வகை நீர்மூழ்கி படையில் சேர்ந்தது.

இந்தியாவைவிட ஆறு ஆண்டுகள் பின்னால் பள்ளியில் சேர்ந்த மாணவர் ஆசான் ஆகிவிட்டார். கொரியாவின் கப்பல் தொழில் இந்தியாவின் தொழிலைவிடப் பல மடங்கு பெரியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆனாலும் முக்கியக் காரணம் எளிது. கொரியா ஒரு கப்பலுக்கும் அடுத்ததற்கும் இடையில் பட்டறையைப் பூட்டவில்லை.

இடைவெளியை நிரப்பிய ரஷ்யா

அந்த ஆண்டுகளில் இந்தியக் கடற்படை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஜெர்மன் ஒப்பந்தத்துக்கு இணையாகவே சோவியத் யூனியனிடமிருந்து கிலோ வகை நீர்மூழ்கிகளையும் வாங்கியது. 1986இல் சிந்துகோஷ் வந்தது. 2000ஆம் ஆண்டு வரை மொத்தம் பத்து. இந்தப் பத்தும் கட்டி முடித்த நிலையில் வந்தவை.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. நேற்று வரை ஒரே நாட்டில் இருந்த தொழிற்சாலைகள் இன்று வெவ்வேறு நாடுகளில்! உதிரிபாகத்துக்கு அலைய வேண்டிய நிலை. விற்ற நாடே இல்லாமல் போகக்கூடும் என்பதை ஒப்பந்தம் போடும்போது யார் நினைத்தார்கள்?

இந்தக் கப்பல்களை இந்தியாவிலேயே முழுமையாகப் பழுதுபார்க்கும் முயற்சியும் நடந்தது. சிந்துகீர்த்தி என்ற நீர்மூழ்கி 2006இல் விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுக்குள் போனது. வெளியே வந்தது 2015இல். ஒரு பழுதுபார்ப்புக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்! பழகாத கைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மறுபடியும் அரிச்சுவடி

1999இல் அரசு ஒரு பெரிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. முப்பது ஆண்டுகளில் 24 நீர்மூழ்கிகள் கட்டப்படும். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வேலை நடக்கும். காகிதத்தில் அருமையான திட்டம்.

அடுத்த கேள்வி, ஆசான் யார்? ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் அப்போதும் வழக்கில் இருந்தது. பேச்சு பிரான்ஸ் பக்கம் போனது. 2005 அக்டோபர் 6 அன்று ஸ்கார்ப்பீன் வகை நீர்மூழ்கிகள் ஆறுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறும் மாசகான் டாக்கிலேயே கட்டப்பட வேண்டும். மதிப்பு ரூ. 18,798 கோடி. முதல் கப்பல் 2012இல், கடைசிக் கப்பல் 2017இல் என்று கணக்கு.

பட்டறையைத் திறந்தபோதுதான் 1987இன் விலை தெரிந்தது. ஜெர்மன் முறையில் கற்றவர்களில் பலர் இல்லை. இருந்தவர்களும் பிரெஞ்சு முறையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கருவிகள், அளவைகள், வரைபடங்கள் எல்லாம் வேறு. கப்பலுக்குள் பொருத்த வேண்டிய பொருட்களை வாங்குவதில் தாமதம். செலவு ரூ. 23,562 கோடியாக உயர்ந்தது. 2012இல் வர வேண்டிய முதல் கப்பல் 2017 டிசம்பர் 14 அன்றுதான் படையில் சேர்ந்தது. அதற்கும் கல்வரி என்றே பெயர்.

இங்கே இன்னொரு கணக்கு. 1981 ஒப்பந்தத்திலிருந்து முதல் இந்தியத் தயாரிப்பான சல்கி வர ஆனது பத்து ஆண்டுகளும் இரண்டு மாதங்களும். 2005 ஒப்பந்தத்திலிருந்து புதிய கல்வரி வர ஆனது பன்னிரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும். முதல் முறை கற்றுக்கொண்டதைவிட இரண்டாம் முறை கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் அதிகம்! சங்குலுக்கும் புதிய கல்வரிக்கும் நடுவில் இந்தியாவில் கட்டிய டீசல் மின் நீர்மூழ்கி ஒன்றுகூடச் சேராத காலம் இருபத்து மூன்றரை ஆண்டுகள்.

ஆனால் பட்டறை தொடர்ந்து ஓடியதால் கை பழகிற்று. 2019இல் கந்தேரி, 2021இல் கரஞ்சும் வேலாவும், 2023இல் வாகிர், 2025 ஜனவரி 15இல் வாக்‌ஷீர். ஒரு முறை ஓடத் தொடங்கிய வேலை எப்படி ஓடும் என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

குண்டில்லாத துப்பாக்கி

வெளிநாட்டை நம்பும்போது வரும் தொல்லைகள் வேறு உருவிலும் வந்தன. 2016 ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று, இந்திய ஸ்கார்ப்பீன் பற்றிய 22,400 பக்க ஆவணங்கள் வெளியே கசிந்துவிட்டன என்று செய்தி வெளியிட்டது. கப்பல் இந்தியாவுடையது. இரகசியமோ எங்கோ ஒரு கணிப்பொறியில்.

டார்பிடோவின் கதை இதைவிட விசித்திரம். புதிய கப்பல்களுக்காக இத்தாலியின் பிளாக் ஷார்க் டார்பிடோ தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அதைச் செய்த நிறுவனம் ஃபின்மெக்கானிக்கா குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தின் அகஸ்டா வெஸ்ட்லேண்ட் நிறுவனம் முக்கியப் பிரமுகர்களுக்கான ஹெலிகாப்டர் பேரத்தில் லஞ்சப் புகாரில் சிக்கியது. ஹெலிகாப்டரோடு சேர்த்து டார்பிடோவும் கைவிடப்பட்டது.

விளைவு? 2017இல் சேர்ந்த புத்தம் புதிய பிரெஞ்சு வகை நீர்மூழ்கி, 1980களில் ஜெர்மன் கப்பல்களோடு வாங்கிய எஸ்.யூ.டி. டார்பிடோக்களை வைத்துக்கொண்டு கடலுக்குப் போனது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே பிழை. குற்றம் செய்தவரைத் தண்டிப்பதும் படைக்குத் தேவையானதை வாங்குவதும் மறுபடி ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டன. இந்தியாவிலேயே உருவாக்கிய கனரக டார்பிடோவை இந்தக் கப்பல்களில் பொருத்த 2024 டிசம்பரில்தான் ஒப்பந்தம் போடப்பட்டது.

மீண்டும் கீல்

அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கான பேச்சு 2000களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. டெண்டர் வெளியானது 2021 ஜூலையில். மதிப்பீடு ரூ. 43,000 கோடி. இந்தியத் தரப்பில் மாசகான் டாக்கும் எல் அண்டு டியும். அவை ஐந்து வெளிநாட்டு நிறுவனங்களில் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து விலைப்புள்ளி கொடுக்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், ரஷ்யா ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் நான்கு. ஐந்தாவது, தென் கொரியாவின் டேவூ! 1987இல் பள்ளியில் சேர்ந்த அந்த மாணவர், இந்தியாவுக்கு ஆசானாக விண்ணப்பிக்கும் இடத்தில் நின்றார்.

கடற்படை வைத்த நிபந்தனைகளில் முக்கியமானது ஒன்று. டீசல் நீர்மூழ்கி பேட்டரியை ஏற்றிக்கொள்ளச் சில நாட்களுக்கு ஒரு முறை மேலே வந்து காற்று வாங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அது எளிதில் சிக்கும். வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தரும் அமைப்பு இருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரம் அடியிலேயே இருக்கலாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலம் அத்தகைய ஒன்று. அது ஏற்கெனவே கடலில் ஓடி நிரூபிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாமதம் ஆனால் வெளிநாட்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது போன்ற விதிகளும் பலரைத் தயங்க வைத்தன.

ஒவ்வொருவராக விலகினார்கள். 2022இல் பிரெஞ்சு நிறுவனம் விலகியது. 2023 ஆகஸ்டில் இரண்டு கூட்டணிகள் மட்டுமே விலைப்புள்ளி கொடுத்தன. ஒன்று எல் அண்டு டியும் ஸ்பெயினின் நவான்டியாவும். இன்னொன்று மாசகான் டாக்கும் ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். நிறுவனமும். ஸ்பெயினின் புதிய நீர்மூழ்கி 2023 நவம்பரில் படையில் சேர்ந்தபோது அதில் அந்த மின்சார அமைப்பு இல்லை. பின்னால் வரும் கப்பல்களில்தான் வரும். எனவே 2025 ஜனவரியில் ஸ்பெயின் கூட்டணி நீக்கப்பட்டது. மிஞ்சியது ஒருவர். 2025 செப்டம்பரில் அந்தக் கூட்டணியோடு அரசு பேச்சுவார்த்தை தொடங்கியது.

டி.கே.எம்.எஸ். யார்? 2005இல் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்ட நிறுவனம். கப்பல் கட்டும் தளம் அதே கீல் நகரில்தான். 1981இல் புறப்பட்ட இடத்துக்கே 44 ஆண்டுகள் கழித்து இந்தியா வந்து சேர்ந்தது.

என்ன பாடம்?

ஆசானைத் தேர்ந்தெடுப்பதில் தடுமாறியது இந்தியா மட்டும் இல்லை. ஆஸ்திரேலியா 2016இல் பிரான்சைத் தேர்ந்தெடுத்தது. 2021 செப்டம்பரில் அதை ரத்து செய்துவிட்டு அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் போனது. ஒரு கப்பல்கூட வாங்காமல் பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55 கோடியே 50 லட்சம் யூரோ இழப்பீடு கொடுத்தது. பணக்கார நாட்டால் அதைத் தாங்க முடிந்தது.

இந்தியாவின் தேர்வுகளைத் திரும்பிப் பார்த்தால் எந்த ஆசானும் மோசமானவர் என்று சொல்ல முடியாது. சோவியத் கப்பல்கள் உழைத்தன. கடைசி ஃபாக்ஸ்ட்ராட் ஓய்வு பெற்றது 2010இல். ஜெர்மன் கப்பல்கள் நாற்பது ஆண்டுகளை நெருங்கின. பிரெஞ்சுக் கப்பல்கள் ஆறும் வந்து சேர்ந்தன. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பல ஆண்டுகள் செலவாயின. தேர்ந்தெடுத்தவரிடம் கற்றதைக் காப்பாற்றுவதில் அந்தக் கவனம் இல்லை.

1999 திட்டத்தில் சொன்ன 24 டீசல், அணுசக்தி என்று எப்படிப் பிரித்தாலும், 2025 ஜனவரி வரை அதன் கீழ் கட்டி முடிந்த டீசல் நீர்மூழ்கிகள் ஆறு. அந்த ஆறாவது கப்பலான வாக்‌ஷீர் மாசகான் டாக்கிலிருந்து புறப்பட்டபோது அடுத்த நீர்மூழ்கிக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கவில்லை. 1994 மே மாதம் சங்குல் புறப்பட்டபோதும் அப்படித்தான் இருந்தது. அன்று பட்டறையில் நின்றவர்கள் அடுத்த தகடு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். அது வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயிற்று. வந்தபோது அவர்களில் பலர் அங்கே இல்லை.